ஓதப்படும் இயற்பியல்

மந்திரம் என்பது யாது? பொருள் விளங்காமலே ஓதப்படுவது. ஓதுகிறவனுக்கும் விளங்காது, கேட்கிறவனுக்கும் விளங்காது, அந்த விளங்காமையையே பெருமையாக்கிக்கொண்டு அது உலாவும். இந்த இலக்கணம் சரியென்றால், நம் நாட்டில் மந்திரம் ஒலிக்கும் இடம் கருவறை ஒன்றுதான் என்று சொல்லிவிட இயலாது. இயற்பியல் வகுப்பிலும் அது ஒலிக்கிறது. நியூட்டன் வகுத்த மூன்று விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனைக் கண்டு ஆசிரியர் அகமகிழ்கிறார், பெற்றோர் பூரிக்கின்றனர், தேர்வாளர் முழு மதிப்பெண் வழங்குகிறார். அந்த விதி எங்கே வாழ்கிறது, எவரைக் காக்கிறது, எவரை வீழ்த்துகிறது என்று கேட்போர் மிகச் சிலர்.

கடுமையான குற்றச்சாட்டு என்பர் சிலர். மெய்ப்பிக்கவேண்டிய கடமை நமக்கு உண்டு. திறனாய்வு என்பது காவியத்துக்கும் கதைக்கும் மட்டுமே உரிய கலையன்று. ஒரு நாடு தான் பெற்ற அறிவை எந்த நடையில் தன் மக்களுக்குச் சொல்லிக்கொள்கிறது என்பதும் திறனாய்வுக்கு உரியதே. அதற்கு ஓர் உரைகல் வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் உரைகல் போடிநாயக்கனூர். அதன் மேற்கே மதிலென எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவு.

ஏன் போடி? விசை, இயக்கம், மின்சாரம், காந்தம், அலை என்று பள்ளிப் பாடத்தில் ஐந்து தலைப்புகள் வரும். அந்த ஐந்தும் அந்த மலையடிவாரத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைத் திறந்தாலே காணக்கிடைப்பவை. அதே மலையில்தான், அந்த ஐந்தையும் ஒருங்கே அறிந்திருந்தால் மட்டுமே தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரு பெரும் வழக்கும் பத்தாண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. பாடம் கண்முன் இருந்தது. தேர்வும் கண்முன் வந்தது. அந்தத் தேர்விலே நாட்டின் அறிவுத்துறை எப்படித் தேறியது என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

முதலில் விசையும் இயக்கமும். மூணாற்று மேட்டில் விளைந்த தேயிலை சமவெளிக்கு வந்து சேர்ந்த வரலாறு ஒரு முழு இயற்பியல் நூல். 1902இல் மாடுகள் இழுத்துச் சென்ற ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908இல் அதன் இடத்தில் ஓடிய சிறு இரயில். அது சென்று சேர்ந்த டாப் ஸ்டேஷன். அங்கிருந்து குரங்கணிப் பக்கம் கொட்டகுடி அடிவாரத்துக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு அந்தரத்திலே இறங்கிய கம்பிவடப் பாதை. அதன்பின் போடிக்கு மாட்டுவண்டி. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. கம்பிவடத்தில் தொங்கும் தேயிலைப் பெட்டியின் மீது எத்தனை விசைகள்? புவி கீழே இழுக்கிறது. வடம் மேலே தாங்குகிறது. சரிவின் வழியே ஒரு கூறு முன்னே தள்ளுகிறது. உராய்வு பின்னே பிடிக்கிறது. இத்தனையையும் ஒரே படத்தில் காட்டும் கருவி தன் தலைக்கு மேலே இயங்கிய ஊரின் பிள்ளைக்கு, பாடம் காட்டும் படம் எது? மேசைமீது நழுவும் ஒரு மரக்கட்டை! மரக்கட்டை பொய்யன்று. ஆனால் அது எவருடைய வாழ்விலும் ஒட்டாத கட்டை.

கம்பிவடம் பழங்கதை என்பீர்களாயின், இன்றைய ஜீப்பைப் பாருங்கள். விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பகுதி பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறுகின்றனர். மாலையில் இறங்குகின்றனர். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் முகப்பிலே எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. வளைவிலே வண்டி கவிழ்ந்தால், "அந்த வளைவுக்கு ஒரு காவு வேண்டும்" என்று பேசுவாரும் உளர்.

வளைவு காவு கேட்பதில்லை, தோழர்களே! வளைவு கேட்பது விசை. நேரே செல்ல விழையும் வண்டியை உள்நோக்கித் திருப்ப விசை வேண்டும். அதைத் தருவது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு. வேகம் இரு மடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் பணிவாகத் திரும்பிய வண்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு பிடிப்பைக் கேட்கிறது. மழையில் நனைந்த சாலை அதைக் கொடுக்க மறுக்கிறது. கூரைமீது மூட்டை ஏறினால் எடையின் மையம் மேலே செல்கிறது. வண்டி எளிதிலே சாய்கிறது. இதிலே விதியும் இல்லை, வினையும் இல்லை. இருப்பது நியூட்டன் விதி ஒன்றே. அதை ஒப்பித்து மதிப்பெண் பெற்ற மகன், அதே மாலை அன்னை ஏறிவரும் ஜீப்பைப் பார்த்து, "பதினைந்து பேரை ஏற்றாதீர், வளைவில் இந்த வேகம் ஆகாது" என்று சொல்லும் துணிவைப் பெற்றானா? பெறவில்லையென்றால், அவன் கற்றது விதியா, மந்திரமா?

அடுத்து மின்சாரம். அதே மலைத்தொடரின் தென்பகுதியில், கூடலூருக்கு அப்பால், லோயர் கேம்ப். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் 1958 முதல் மின்நிலையம் இயங்குகிறது. நீரிலிருந்து மின்சாரத்தைப் பிழிந்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது சத்தற்ற சக்கை. அதைப் பாய்ச்சினால் பயிர் விளையாது என்றொரு பேச்சு இந்நாட்டில் பல இடங்களில் உலவியதுண்டு. பாமரரின் அறியாமை என்று எள்ளி நகையாடினர் படித்தோர். நகையாடியவர்களிடம் நாம் ஒன்று கேட்போம்: நீர் இழந்தது என்ன என்று சொல்ல உங்களுக்குத் தெரியுமா?

நீர் இழந்தது தன் உயரத்தை. மேலே இருந்தது, கீழே வந்தது, அவ்வளவே. உயரத்திலிருந்து விழுந்த வேகம் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரத்தோடு காந்தம் சுழன்றது. கம்பிச் சுருளருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்து உலகுக்கு அளித்தார். இளம் வயதிலே நூல்களுக்கு அட்டை கட்டும் தொழில் பழகிய ஏழை வீட்டுப் பிள்ளை அவர். நீரின் ஒரு துளியும் மாறவில்லை. அதன் உப்பும் மாறவில்லை, சுவையும் மாறவில்லை. மின்நிலையத்தைக் கடந்த அதே நீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாக விளைகிறது. ஐந்து வரியில் முடியும் இந்த விளக்கத்தை ஊருக்குச் சொல்லாமல் ஊரைப் பார்த்துச் சிரித்தது யார் குற்றம்?

இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்பது நம் கருத்து. அந்தச் சொல் "சக்தி". புவியீர்ப்புச் சக்தி என்கிறோம். அங்கே அது விசை. அணுசக்தி என்கிறோம், அங்கே அது ஆற்றல். குதிரைசக்தி என்கிறோம், அங்கே அது திறன். கோயில் வாசலிலும் அதே சொல். அங்கே அது தெய்வம்! விசை என்பது தள்ளுதலும் இழுத்தலும். ஆற்றல் என்பது வேலை செய்வதற்கான இருப்பு. திறன் என்பது அந்த வேலை நடக்கும் விரைவு. தமிழ் மூன்றையும் மூன்று சொற்களால் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரித்ததை மீண்டும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் குங்குமமும் இட்டுத் தருவது "சக்தி".

மூட்டையைச் சுமப்பவர் மக்கள், விற்பவர் வேறு. காந்தசக்தி வளையல் விற்கிறார் ஒருவர். காந்தப் படுக்கை விற்கிறார் மற்றொருவர். நல்ல அலைகள், தீய அலைகள் என்று வீட்டு வாசலை இடித்து மாற்றச் சொல்கிறார் வேறொருவர். வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தசக்தி இரத்தத்தில் உள்ள இரும்பை இழுக்கும் என்று பழைய அச்சத்துக்குப் புதிய சட்டை மாட்டுகிறார் இன்னொருவர். "அறிவியலே சொல்லிவிட்டது" என்று அதைக் கேட்டுத் தலையசைப்போர் படித்தவர்களே! இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியன்று. சிவப்பணுவின் வேதிப்பொருளுக்குள் கட்டுண்ட அணு. காந்தத்துக்கு அது ஆணியைப்போல் ஓடிவருவதில்லை. பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நோயாளியைப் படுக்க வைக்கின்றனர். அதன் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள் படுத்தவரின் இரத்தம் தலைக்கு ஏறவில்லை. வடக்கும் தெற்கும் அங்கே வாய்மூடி நிற்கின்றன.

இந்த 1.5 டெஸ்லாவை நினைவில் வையுங்கள். மீண்டும் அது வரும். இனி நாம் செல்லும் இடம் பொட்டிப்புரம்.

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் ஊரின் அருகே, அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பது என்பது திட்டம். நீலகிரியின் சிங்காரா முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு என்பதால் 2009இல் அது மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு போடி மலை முடிவாயிற்று. 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என்றது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் நடுவண் அரசு மீண்டும் இசைவு தந்தது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை நீக்க மறுத்தாலும், வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டும் என்றது. 2022இல் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்துக்கு இடமளிக்க இயலாது என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை.

குடைய நினைத்தது எதற்காக? நியூட்ரினோ என்பது மின்னூட்டம் அற்ற நுண்துகள். 1930இல் பாலி என்பவர் ஊகித்தார். 1956இல் ரெயின்ஸும் கோவனும் கண்டுபிடித்ததை அறிவித்தனர். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில், நம் கட்டைவிரல் நகத்தளவு பரப்பை, ஒவ்வொரு நொடியும் கடந்துசெல்பவை ஏறத்தாழ 6,500 கோடி. இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலைக் கடந்தவற்றுக்குக் கணக்கு எழுதத் தாள் போதாது. அவை உடலையும் தொடுவதில்லை, மலையையும் தொடுவதில்லை. பூமியையே ஊடுருவிச் செல்கின்றன. மிக மிக அரிதாக ஒன்று மட்டும் ஓர் அணுக்கருவில் மோதும். அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் 50,000 டன் இரும்பு. சுமார் 150 அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடித் தகடுகளால் ஆன உணர்கருவிகள்.

வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ இரும்பிலே மோதினால் மியூவான் என்னும் துகள் தெறிக்கக்கூடும். மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு. ஓடும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் பக்கவாட்டில் திருப்பும். போடிமெட்டு வளைவிலே உராய்வு வண்டியைத் திருப்பும் அதே கணக்கு. எதிர்மின் துகள் ஒரு பக்கம் வளையும். நேர்மின் துகள் மறுபக்கம் வளையும். வளைந்த திசையைக் கண்டு வந்த துகளின் இனம் அறியலாம். அதற்காகவே இரும்பைக் காந்தமாக்குவது. அந்தக் காந்தப்புலத்தின் அளவும் ஏறத்தாழ 1.5 டெஸ்லா. நோயாளியைப் படுக்க வைக்கும் அதே அளவு! அதிலும் புலம் இரும்புக்குள்ளேயே சுற்றிவருமாறு அமைப்பது திட்டம். ஊரின் அரிவாளையும் கலப்பையையும் இழுக்க அது வெளியே வராது.

மலை எதற்கு? வானிலிருந்து வேறு வழியாகவும் மியூவான்கள் மழையாகப் பொழிகின்றன. அந்தப் பேரிரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேளாது. எப்பக்கமும் 1 கிலோமீட்டர் பாறை இருந்தால் அந்த இரைச்சல் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்காக அடங்கும். மலை இங்கே காதைப் பொத்தும் கை. இந்த முறை நமக்குப் புதிதன்று. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே வளிமண்டல நியூட்ரினோவின் தடம் காணப்பட்டது. உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரு குழுக்களுள் ஒன்று அங்கே பணியாற்றியது. அந்தச் சுரங்கத்தை வெட்டிய கைகளில் மிகப்பல தமிழ்த் தொழிலாளரின் கைகள்.

அலை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நியூட்ரினோ மூன்று வகை. ஒரு வகை செல்லும் வழியிலேயே வேறு வகையாக மாறுகிறது. தம்புராவின் இரு தந்திகள் ஏறக்குறைய ஒத்து, முழுதும் ஒவ்வாதிருக்கும்போது ஒலி ஏறியும் இறங்கியும் அலைவதைக் கேட்டிருப்பீர்கள். நியூட்ரினோவும் அலையாய்ச் செல்வதால், அதனுள் கலந்துள்ள சற்றே வேறுபட்ட நிறைகள் இவ்வாறே கூடிக் குறைகின்றன. நிறைகள் அனைத்தும் சுழியாயின் இந்த மாற்றமே நிகழாது. 1998இல் ஜப்பானின் ஆய்வகம் இதற்குச் சான்று காட்டியது. 2015இல் கஜிதாவும் மெக்டொனால்டும் நோபெல் பரிசு பெற்றனர். மூன்று நிறைகளுள் எது பெரிது, எது சிறிது என்ற வரிசையை அறிவதே போடியில் எண்ணிய ஆய்வின் தலையாய நோக்கம்.

இவ்வளவும் பள்ளிப் பாடத்தின் ஐந்து தலைப்புகளைத் தாண்டவில்லை. ஆயினும் ஊரிலே பரவியது என்ன? கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைப் புதைப்பர், காந்தம் இழுக்கும், பெண்கள் கருவுறார் என்னும் அச்சங்கள். திட்டம் அணுசக்தித் துறையைச் சார்ந்தது. "அணுசக்தி" என்ற சொல் காதில் விழுந்தது. கூடங்குளத்தின் நினைவு நெஞ்சில் இருந்தது. எனவே வருவது அணு உலை என்று முடிவுகட்டினர். மூட்டையாகக் கட்டிய சொல் மூட்டையாகவே வெடித்தது! மக்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. விசை வேறு, ஆற்றல் வேறு, துகள் வேறு, கதிர்வீச்சு வேறு என்று சொல்லிக்கொடுக்கப்படாதவர் சொல்லின் நிழலைக் கண்டு அஞ்சாமல் வேறென் செய்வர்?

மறுபக்கத்தையும் பார்ப்போம். தமிழில் விளக்கியோர் இல்லை என்று கூறோம். பொறுப்போடு எழுதியோரும் ஊர்தோறும் சென்று பேசியோரும் உண்டு. அவர்களை வணங்குவோம். ஆனால் திட்டத்தின் சார்பிலே ஒலித்த பெருங்குரல் எது? "நியூட்ரினோவால் தீங்கில்லை; எதிர்ப்பவர் அறிவியலின் பகைவர்" என்பது. இதில் முதற்பாதி முற்றிலும் உண்மை. அந்த உண்மையைக் கேடயமாக்கி வேறு வினாக்களைத் தடுத்ததே பிழை. நியூட்ரினோ தீங்கற்றது என்பது, பாறையைப் பெயர்க்கும் வெடியும் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகுமா? மலைச்சரிவில் ஊறும் நீர் எவ்வழி செல்லும் என்பதற்கு அது விடையாகுமா? மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வைகைக்கு நீர் தரும் சரிவு அது. புலிகள் கடந்துசெல்லும் வழியும் அருகே உண்டு. இந்த வினாக்களுக்குத் துகள் இயற்பியலில் விடை தேடுவது, நெல் விலையைப் பஞ்சாங்கத்தில் தேடுவதைப் போன்றது.

வெடி அதிர்வும் அலையே. எவ்வளவு வெடிமருந்தை ஒரு நேரத்தில் வெடிப்பது, எவ்வளவு தொலைவு, என்ன பாறை என்ற மூன்றும் தெரிந்தால், தரை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அதிரும் என்று மதிப்பிடலாம். கருவி வைத்து அளந்தும் பார்க்கலாம். தொலைவு கூடக் கூட அதிர்வு குறையும். "அணை உடையும்" என்றனர் ஒருசாரார். "ஒன்றும் ஆகாது" என்றனர் மறுசாரார். எண்கள் அறிக்கைகளுக்குள் இருந்தன. மேடைகளில் பெரும்பாலும் ஒலித்தவை ஆபத்து, ஆபத்தில்லை என்னும் இரு சொற்கள். ஓர் ஊர் எண்ணைக் கேட்கப் பழகியிருக்குமானால், இரு சாராரையும் ஒரே கேள்வியால் நிறுத்தியிருக்கும்: "எத்தனை மில்லிமீட்டர்?"

ஆக, இரண்டு கோயில்கள் எழும்பின. ஒன்றிலே அச்சம் தெய்வம். மற்றொன்றிலே அறிவியல் தெய்வம். இரண்டிலும் மக்களுக்கு ஒரே வேலை: கைகூப்புவது. பகுத்தறிவாளனுக்கு இரண்டும் ஒவ்வா. காட்டைக் காக்க விரும்புவோருக்குக் கதிர்வீச்சுப் பூதம் தேவையில்லை. காடு, நீர், விலங்கு, வாழ்வு என்ற உண்மைக் காரணங்களே வலியவை. பூதத்தைத் துணைக்கு அழைத்தால், பூதம் பொய்யென்று அம்பலமாகும் நாளில் உண்மைக் காரணமும் கூடவே சாயும். ஆய்வை விரும்புவோருக்கும் பணிவு குறைவன்று. துகளைப் பற்றி நன்கறிந்தவர் காட்டைப் பற்றியும் நன்கறிந்தவர் ஆகிவிடமாட்டார். எந்த வினாவுக்கு இயற்பியல் விடை தரும், எந்த வினாவுக்குத் தராது என்று பிரிக்கத் தெரிந்தவனே இயற்பியல் கற்றவன்.

சொல் வளம் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. பெ.நா. அப்புசாமி அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழில் அறிவியல் எழுதினார். கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. முடுக்கம், உந்தம், நிலைமம், மின்தூண்டல், காந்தப்புலம் என்று எத்தனை அழகிய சொற்கள்! பௌதிகம் போய் இயற்பியல் வந்தது. பெயர் மாறியது, நடை மாறவில்லை. "நிலைமம்" என்ற சொல்லை ஆக்கியவர், பேருந்து திடீரென நிற்கும்போது முன்னே சாயும் முதியவரை எண்ணி ஆக்கியிருப்பார். பாடமோ அந்தச் சொல்லை வரையறைக்குள் பூட்டி, சாவியைத் தேர்வுத்தாளிடம் கொடுத்துவிட்டது. வடமொழி மந்திரத்தை நீக்கிவிட்டுத் தூய தமிழில் மந்திரம் ஓதினால், அதுவும் மந்திரமே!

செய்யவேண்டியது என்ன? பெருநிதி வேண்டாம், பேரவை வேண்டாம். போடியின் பள்ளிப்பிள்ளை விசையை ஏலத்தோட்ட ஜீப்பின் வளைவிலே கற்கட்டும். மின்சாரத்தை லோயர் கேம்பிலே கற்கட்டும். காந்தத்தை வளையல் வணிகனின் பொய்யை உடைத்துக் கற்கட்டும். அலையைத் தம்புராவிலும் வெடியதிர்விலும் கற்கட்டும். படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு திசைகாட்டி, ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்கலம் வைத்து ஊரை அழைக்கட்டும். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து எடுக்கும்போது திசைகாட்டியின் முள் அசைவதைப் பாட்டியும் பேத்தியும் ஒருங்கே காணட்டும். கண்டபின் கேட்கட்டும். கேட்கும் உரிமையைத் தருவதே கல்வி; அடங்கும் பழக்கத்தைத் தருவது வழிபாடு.

அம்பரப்பர் மலை குடையப்படவேண்டுமா, கூடாதா என்பதை முடிவு செய்ய நீதிமன்றம் உண்டு, அரசு உண்டு. ஆனால் அந்த மலையடியில் வாழும் ஏலத்தோட்டத் தொழிலாளியும் மானாவாரி உழவரும் அந்த வழக்கின் சாட்சிகளாக மட்டும் நின்றால் போதாது. வழக்கைப் புரிந்துகொண்டு எடைபோடும் நடுவராகவும் ஆகவேண்டும். அவர்களை நடுவராக்கக்கூடிய அறிவு ஏழு கடலுக்கு அப்பால் இல்லை; எட்டாம் வகுப்புப் புத்தகத்தில், எவரும் திறந்து காட்டாத பக்கங்களில் கிடக்கிறது. தோழர்களே, அந்தப் பக்கங்களைத் திறப்பது நம் வேலை!